புலம்புகிறவன் நிற்பான்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இதைத் தபாலில் போடாமல் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களைப் படித்து, சண்டையில் யார் நிற்பான், யார் ஓடுவான் என்று குறிப்பதுதான் இங்கே என் வேலை. சாப்பாடு, பூட்ஸ், மேலதிகாரி என்று புலம்புகிறவன் நிற்பான். புலம்பலை நிறுத்தியவன் மனதுக்குள் மூட்டை கட்டிவிட்டான். மூன்று வருடமாக இந்தக் கணக்கு பொய்த்ததில்லை. நீ மூன்று கடிதமாகப் புலம்பவே இல்லையே, தடியா! 'ஓடுவான்' என்று குறித்தால் உன்னைச் சுட்டுவிடுவார்களோ என்று குலை நடுங்குகிறது. தயவுசெய்து புலம்பு.

உன் அக்கா

மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

இங்கே போடுவது சாப்பாடா? சுவருக்குப் பூசலாம். பூட்ஸ் காலைக் கடிக்கிறது, சார்ஜெண்ட் காதைக் கடிக்கிறார். இரண்டு பேருக்கு ஒரு போர்வை. அதையும் பக்கத்தில் படுப்பவன் குறட்டை விட்டுக்கொண்டே இழுத்துக்கொள்கிறான். போதுமா?

உன் அருமைத் தம்பி

மார்ச் 21

அக்கா,

படை நேற்றே பின்வாங்கிவிட்டது. எதிரியைத் தாமதப்படுத்தப் பாலத்தில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேரை விட்டிருக்கிறார்கள். எல்லோரும் உங்கள் தாளில் 'நிற்பான்' என்று வந்தவர்கள். 'ஓடுவான்' என்று வந்தவர்களை யாரும் சுடவில்லை. மூட்டை தூக்கப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். இது உனக்குத் தெரியாதா?

எனக்கு ஓடும் எண்ணமே இருந்ததில்லை. புது பூட்ஸ் சரியாக இருந்தது, புலம்பவில்லை, அவ்வளவுதான். இப்போதுதான் ஓடத் தோன்றுகிறது. இந்தக் கடிதத்தை எடுத்துவரும் லாரிக்காரர்கூட, "தார்ப்பாய்க்குள்ள படுத்துக்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று கூப்பிடுகிறார். ஆனால் நான் ஓடினால் யார் குறித்தது என்று தேடுவார்கள். சொந்தத் தம்பிக்குப் பொய்யாகக் குறித்தவளை என்ன செய்வார்கள்? அதனால் ஏறவில்லை.

உன்மேல் கோபம்தான் அக்கா. நிறையக் கோபம்.

தம்பி

மார்ச் 28

தம்பிக்கு,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. உன் கடிதம் வந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது. பதினோரு பேரும் கடைசிவரை நின்றீர்களாம்.

மேலாளர் என் மேசைக்கே வந்தார். "பதினொண்ணும் சரியா வந்திருக்கும்மா. மனுஷன அப்படியே படிச்சிடறீங்க" என்றார். நன்றி சார் என்றேன். என் வாயால் சொன்னேன்.

இன்று புதுக் கட்டு வந்தது. ஒரு பையன் கஞ்சியில் கல் என்று நாலு பக்கம் புலம்பியிருக்கிறான். 'ஓடுவான்' என்று எழுதினால் பிழைத்துக்கொள்வான். எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பிடிபட்டால்? நீ லாரியில் ஏறாதது நான் பிழைக்கத்தானே?

'நிற்பான்' என்று குறித்தேன்.

உன் அக்கா