உன் அம்மா மட்டும் முதலில்

ஏப்ரல் 16, 2026, வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே குறை சொல்லும்படியாக எதுவும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அங்கே அதைவிட நன்றாகவே இருக்க வேண்டும். முதலில் நல்ல செய்தி. உன் அம்மாவுக்கு விசா ஏப்ரல் 13, திங்கட்கிழமை காலை வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கான வருகை விசா. மே 2, சனிக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. டாக்டர் உனக்குக் குறித்திருப்பது மே 21 என்பதால் பத்தொன்பது நாள் முன்னதாகவே அவள் வந்து சேர்ந்துவிடுவாள்.

சென்ற ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு, அதாவது ஏப்ரல் 5 அன்று, இரண்டு பேரும் ஒன்றாகத்தானே வருவதாக இருந்தது, ஏன் பிரித்துப் போட்டீர்கள் என்று நீ போனில் கேட்டாய். அதற்குப் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது சரியில்லை. எழுத்தில்தான் ஒழுங்காகச் சொல்ல வருமென்று இப்போது எழுதுகிறேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் விசா ஏஜெண்டிடம் போனோம். எங்கள் இருவரையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்து, பெற்றோருக்கான நீண்டகால விசாவுக்குப் போடலாம் என்றார். பத்து நாளில் படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டி நீட்டினார். எதையும் படிக்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். எந்த நாட்டிலாவது அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியதுண்டா என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று அவரே டிக் அடித்திருந்தார். உண்டு என்றேன். எப்ப சார் என்றார். 1991 நவம்பர் 13 முதல் டிசம்பர் 1 வரை, பத்தொன்பது நாள் என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். சார், முப்பத்தஞ்சு வருஷம் ஆகப்போகுது, அந்த நாட்டு ஆபீஸ் கட்டடமே இப்ப இருக்குமோ என்னமோ, பேசாம கையெழுத்தைப் போடுங்க என்றார். மறுத்தேன். உங்களை மாதிரி நாலு பேர் வந்தா நான் கடையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான் என்று அலுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் அல்லர், அவசரக்காரர்.

அதன் பிறகுதான் உன் அலுவலகத் தோழி சொன்ன குடிவரவு வக்கீல் அம்மாளிடம் பிப்ரவரி 24 அன்று வீடியோவில் பேசினேன். நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு வருடக்கணக்கில் வரிசை. அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் என்றார். நீண்டகால விசாவில் பழைய தங்கலை மறைத்து, பின்னால் தெரிந்தால் இரண்டு பேருக்கும் கதவு மூடிவிடும். உள்ளதைச் சொன்னால் மறுக்க வாய்ப்புக் குறைவு, ஆனால் விசாரித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆகையால் அம்மாவைத் தனியாகப் பிரித்து வருகை விசாவில் உடனே அனுப்புங்கள், நீங்கள் உங்கள் வழியில் வாருங்கள் என்றார். அந்தப் பத்தொன்பது நாளுக்கான என் விளக்கக் கடிதத்தை நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். அவர் அதை அரைப் பக்கமாக வெட்டித் திருப்பி அனுப்பினார். மார்ச் 5 அன்று இரண்டு விண்ணப்பங்களும் தனித்தனியே போயின.

அந்த அரைப் பக்கத்தில் இருப்பது உனக்கும் தெரிய வேண்டும். நீ பிறந்தபோது நான் ஊரில் இல்லாததற்குக் கம்பெனி என்னை விடவில்லை என்று உன்னிடம் சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மையன்று. அந்த வெளிநாட்டுச் சிமெண்ட் ஆலை ஸ்டோரில் என் வேலையும் விசாவும் நவம்பர் 12, செவ்வாயோடு முடிந்தன, டிக்கெட்டும் கையில் இருந்தது. எனக்குப் பதிலாக வர வேண்டியவர் வந்து சேரவில்லை. பேரிங்கும் போல்ட்டும் எண்ணி ஒப்படைக்காமல் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை. மேலாளரே, போய்யா, வீட்ல புள்ள பொறக்கப்போகுதுன்ற, இங்க என்ன பண்ற என்றுதான் கேட்டார். நீ நவம்பர் 27, புதன்கிழமை பிறந்தாய். நான் உன்னைப் பார்த்தது டிசம்பர் 2, திங்கட்கிழமை.

இதை எழுதப்போகிறேன் என்று நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, எனக்கு அப்பவே தெரியுங்க, உங்க மேனேஜர் போன்ல சொல்லிட்டார் என்றாள். முப்பத்து நான்கு வருடம் தெரிந்தே இருந்திருக்கிறாள். இந்தத் தடவையும் நீங்க கணக்கை முடிச்சுட்டே வாங்க, புள்ள உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது, நான் போறேன் என்றும் சொன்னாள்.

தனியாக விமானம் ஏறுவது அவளுக்கு இது முதல் தடவை. சக்கர நாற்காலி உதவிக்குச் சொல்லியிருக்கிறேன், அதற்கு ஒரு சண்டை நடந்தது, எனக்கென்ன கால் இல்லையா என்று. அதிகாரி கேட்டால் எத்தனை நாள், யார் வீடு என்பதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகு என்று தினமும் மாலை ஒத்திகை பார்க்கிறோம். அளவாப் பேசணும்னு நாலு பக்கம் எழுதினவர் சொல்றார் என்கிறாள். அவள் கைப்பையில் அழைப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட், இரத்த அழுத்த மாத்திரைச் சீட்டு மூன்றும் நீல உறையில் இருக்கும். நீ அலைந்துகொண்டு விமான நிலையத்துக்குப் போகாதே, மாப்பிள்ளை போகட்டும். படி ஏறுவதைக் குறைத்துக்கொள். எனக்குப் பதில் எப்போது வரும் என்று வக்கீலைக் கேட்டேன். தேதி சொல்ல முடியாது என்றுவிட்டார். மே 21க்குள் வராது என்பது மட்டும் நிச்சயம். அதற்காக நீ அந்த ஏஜெண்டைப் பிடிக்க வேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப்போகும் பிள்ளையும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனத்தோடும் இருக்க என் ஆசி. மறக்காமல் ஒன்று செய். அம்மா வந்து களைப்பு ஆறியபின், நீ பிறந்த அந்த முதல் ஐந்து நாள் எப்படிப் போயிற்று என்று அவளிடம் கேள். நான் இதுவரை கேட்டதில்லை. அவள் சொல்வதை எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா