வெள்ளித் தகட்டில் மூன்று விரல்

குன்றத்தூர் முருகன் கூட இருக்க

சுங்குவார்சத்திரம்,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மருமகன் மணிகண்டபிரபுவுக்கு அத்தை பூமாரி எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கச்சி மாரிசெல்வியும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அந்தப் புனே ஊர்ச் சப்பாத்தியில் நீ காய்ந்துபோகாமல் இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். ராத்திரியெல்லாம் குனிந்து வரையாதே. கழுத்துக்கு நல்லெண்ணெய் தேய்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் “சரி அத்தே, சரி அத்தே” என்று பாதியில் வைத்துவிடுவாய். அதோடு நான் சமைக்கிற இந்தப் பெண்கள் விடுதியில் சமையல்கட்டை விட்டால் எனக்கு உட்கார இடமில்லை. நான் பேசினால் நாற்பது பிள்ளைகளுக்கும் கேட்கும். அதனால் மத்தியானச் சோறு முடிந்து, இரண்டாம் ஷிப்ட் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறினபிறகு எழுதுகிறேன். பேப்பரில் எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். உன் படக்கதைப் புத்தகத்தை இனியவன் என்ற டைரக்டர் சினிமாவாக எடுக்கக் கேட்கிறார், ஆனால் சிலதை மாற்றவேண்டும் என்கிறார், கையெழுத்துப் போடட்டுமா என்று போன மாசம் என்னிடம் கேட்டாய். நானும் கண்ணை மூடிக்கொண்டு “போடு ராசா” என்றேன். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்து என்றாய். அதற்குள் இது உன் கைக்கு வந்து சேரவேண்டும் முருகா.

ஏன் அப்போது சரி என்றேன் என்று சொல்லிவிடுகிறேன். உன் புத்தகத்தில் வருகிற செல்வி நம் மாரிசெல்விதான் என்று எனக்குத் தெரியாதா. பிரஸ் மெஷினில் அவளுக்கு ரெண்டு விரல் போகிறது. விரல் போன இடத்திலிருந்து வெளிச்சம் வருகிறது. அந்தக் கையைத் தூக்கினால் ஓடுகிற எந்த மெஷினும் நின்றுபோகும். ஆனால் முதல் தடவை பக்கத்து மெஷின் பிள்ளையை அவளால் காப்பாற்ற முடியவில்லை. எண்ணிக்கை குறையக்கூடாது என்று, கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை அணைத்து வைத்த சூப்பர்வைசரை அவள் கடைசிவரை மன்னிக்கவும் இல்லை. படித்து முடித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சினிமாவில் விரல் போகாது, கரண்ட் அடித்துத்தான் சக்தி வரும் என்றாய். சூப்பர்வைசர் திருந்திக் கடைசிப் பாட்டில் ஆடுவாராம். கதையில் வருகிற அத்தைகூட நல்லவளாகிவிடுவாளாம், “இன்னைக்கு வேலைக்குப் போகாத தாயி” என்று வாசலில் மறித்து அழுவாளாம். கேட்கக் கேட்க எனக்குத் தேனாக இருந்தது. போன விரல் திரையிலாவது முளைக்கட்டுமே என்று நினைத்தேன்.

உன் அம்மாவையும் நினைத்தேன். அண்ணன் போனதிலிருந்து மதினிக்கு நெஞ்சில் தெம்பு கிடையாது. மாரிசெல்விக்கு நகம் பெயர்ந்துவிட்டது என்றுதானே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். எட்டு மாசமாக இந்தப் பிள்ளை வீடியோ போனில் வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டே பேசுகிறது. உன் சினிமா நம் ஊர்க் கொட்டகைக்கும் வரும். அதில் செல்வி பத்து விரலோடு வந்தால் மதினிக்குச் சந்தேகமே வராது என்று எனக்கு ஒரு நிம்மதி.

இப்போது என் மனசு மாறின கதைக்கு வருகிறேன். முந்தின ஞாயிறு விடுதி டிவியில் ஒரு சூப்பர் ஹீரோ படம், தமிழில் பேசினார்கள். முதுகில் சிறகு உள்ளவன். தீப்பிடித்த மாடியிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறான். நடுவானில் குழந்தை கை நழுவுகிறது. நான் சமையல் கரண்டியோடு நின்றபடி முருகா முருகா என்கிறேன். நல்லவேளை, பிடித்துவிட்டான். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து ஆபீஸ் ரூமில் வேலை செய்கிற ஜாஸ்மின் சிரித்தாள். அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பிள்ளை, நிறையப் படிப்பாள். “இன்னா ஆன்ட்டி, இதுக்குப் போய் அழுவுற? இந்தக் கத வந்த புக்குல அந்தக் கொழந்த செத்துடும். இவன் குடிச்சினு, ரெக்கைய சங்கிலி போட்டுக் கட்டி வெச்சினு ஆறு மாசம் கெடப்பான். சினிமாக்காரனுக்கு டிக்கெட் விக்கணுமே, அதான் புள்ள டாட்டா காட்டுது” என்றாள்.

நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை பாண்டிச்செல்வி விடவில்லை. “எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து அதையும் பாக்கணுமாக்கும்? கொழந்த பொழைக்கட்டும்டி, உனக்கு என்ன வலிக்கி?” என்று சண்டைக்குப் போனாள். அதுவும் நியாயம்தானே. நானும் அவள் கட்சி.

மாரிசெல்வி மட்டும் தட்டைப் பார்த்தபடியே, புக்கில் அந்தக் குழந்தையின் அம்மா உண்டா என்று கேட்டாள். இருக்கிறாள், வாரா வாரம் அவன் வாசலில் வந்து ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டுப் போவாள், படத்தில் அவளையே காணோம் என்றாள் ஜாஸ்மின். “அப்ப காயத்தத் தூக்குனா ஆளையும் சேத்துத் தூக்கிருவாங்கபோல” என்று சொல்லிவிட்டு நம் பிள்ளை தட்டைக் கழுவப் போய்விட்டது. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான் உனக்கு எழுதவில்லை. என் புத்திக்கு இன்னொரு அடி வேண்டியிருந்தது.

அவள் புண் ஆறினால் வெள்ளியில் கை உருவம் வாங்கிச் சாத்துவதாக நான் குன்றத்தூர் முருகனுக்கு வேண்டியிருந்தேன். கிருத்திகை அன்றைக்கு ரெண்டு பேரும் போனோம். அடிவாரக் கடையில் கண், கால், கை எல்லாம் வெள்ளித் தகட்டில் தொங்குகிறது. கை என்றால் அஞ்சு விரலோடுதான் இருக்கிறது, வேறு யார் செய்து வைப்பார்கள்? அதில் ஒன்றை வாங்கி அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பூக்காரியிடம் கத்திரி வாங்கி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நறுக்கென்று வெட்டிவிட்டாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. பூக்காரி, “இன்னாம்மா, சாமிக்குக் குடுக்கறதப் போய் வெட்டற?” என்று கத்துகிறாள். இவள் நிதானமாக, “சாமிக்கு எல்லாம் தெரியும்க்கா, அளவுதான் சரி பண்ணுதேன்” என்கிறாள். வெட்டின துண்டை என்னடி செய்ய என்றதற்கு, “அது கம்பெனி உண்டியலுக்கு” என்று சிரிக்கிறாள். எட்டு மாசத்துக்கப்புறம் அவள் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். திட்டுவதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் படியெல்லாம் கந்த நாமம் சொல்லிக்கொண்டே ஏறினேன்.

மூளியானதைச் சாமிக்கு வைக்கலாமா என்ற பயம் எனக்கு. குருக்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் தகட்டைப் பார்த்தார், பிள்ளை கையைப் பார்த்தார். உண்டியலில் போடுங்கள் என்றுகூடச் சொல்லாமல், தானே ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டுபோய் முருகன் காலடியில் வைத்துவிட்டு வந்து, அவள் கையில் திருநீறு கொடுத்தார். அவள் ஒரு துளி சிந்தாமல் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் உன் சினிமாப் பேச்சை நானே எடுத்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “அண்ணன் வரைஞ்ச செல்வி ஒருத்திதான் என்னைய மாதிரி இருக்கா அத்தே. அவளுக்கும் விரலு மொளச்சிட்டா நான் யாருகூட இருக்க?”

ராசா, அதனால்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அந்த இனியவன் தம்பியிடம் பொறுமையாகச் சொல். குழந்தைகள் பார்க்கிற படம், ரத்தம் காட்டவேண்டாம் என்றால் சரி, காட்டவேண்டாம். பாட்டு வேண்டுமானால் ரெண்டாகவே வைக்கட்டும். ஆனால் செல்வி கையைத் தொடக்கூடாது. அந்த ரெண்டு வெள்ளித் துண்டையும் பேப்பரில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். அவருக்கு விரல் வேண்டுமானால் இதைக் கொடு. ஒத்துக்கொள்ளாவிட்டால் கையெழுத்துப் போடாதே. நாளைக்கு வேறொருத்தர் வருவார்.

மாரிசெல்வி பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வருகிறாள். சாஸ்தா கோவிலில் துப்பட்டா இல்லாமல் அம்மா முன்னால் நிற்கப்போகிறேன் என்கிறாள். மதினி தாங்குவாளா என்று எனக்கு நடுக்கம்தான். பொய் சொன்னவள் நான், அதனால் பக்கத்தில் நானும் நிற்பேன்.

கடைசியாக ஒன்று. உன் புத்தகத்தில் விரல் விழுந்த படத்தைப் பார்க்க முடியாமல் அதன்மேல் முருகன் படம் ஒட்டிவிட்டேன் என்று சொன்னேன், நீயும் சிரித்தாய். அது பொய். நான் ஒட்டினது அதற்கு முந்தின பக்கத்தில். சென்சார் வேலை செய்யவில்லை, பயமாக இருக்கிறது என்று செல்வி சொல்ல, அத்தைக்காரி அவள் நெற்றியில் திருநீறு பூசி, “ஒண்ணும் ஆவாது, முருகன் பாத்துக்கிடுவான், லீவு போட்டா வேலைக்கு வச்ச எனக்குத்தான் கெட்ட பேரு, போயிட்டு வா” என்று அனுப்புகிறாளே, அந்தப் பக்கம். ஒரு எழுத்து மாறாமல் வரைந்திருக்கிறாய். அவள்தான் உனக்குச் சொல்லியிருப்பாள். என்னிடம் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நேற்று அந்த முருகன் படத்தைப் பிய்த்தேன். மையும் கூடவே வந்துவிட்டது. அத்தை முகம் இருந்த இடம் வெள்ளையாகக் கிடக்கிறது. எனக்குப் புதுப் புத்தகம் ஒன்று அனுப்பு ராசா, உத்திரத்தன்றைக்கு மதினி கையில் கொடுக்கவேண்டும். சினிமாவிலும் அந்த அத்தையை வாசலில் மறித்து அழ வைக்கவேண்டாம் என்று சொல். அவள் அழவில்லை. திருநீறு பூசித்தான் அனுப்பினாள்.

உன் வரைகிற கைக்கு ஒரு குறையும் வராமல் முருகன் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன்னையும் அவளையும் நினைத்துக்கொண்டே இருக்கும் அத்தை,
பூமாரி.