சூட்டுப் பெட்டியும் ஒரு சின்னத் திருத்தமும்

அக்கா,

வகுப்பில் செயல்திட்டம் செய்து உருப்பட்டவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை. நேற்றுச் சாப்பிடும்போது சொன்னதுதான், ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். நீ தட்டோடு எழுந்து போனதால் உண்மை மாறிவிடாது.

அட்டையும் பழந்துணியும் வைத்து உன் வகுப்பு வாண்டுகள் செய்த பெட்டி சோற்றைச் சூடாக வைக்காது என்று நிரூபிக்கத்தான் இன்று நானே சமைத்தேன். ஒரு கிண்ணத்தைப் பெட்டிக்குள் வைத்தேன், இன்னொன்றைச் சமையல் மேடையிலேயே விட்டேன். மதியம் பார்த்தால் மேடையில் இருந்தது ஜில்லிட்டுக் கிடந்தது. பெட்டியைத் திறந்தேன், என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. தற்செயலாக இருக்கும்.

நாளை தலைமையாசிரியை வந்து, "இந்த விளையாட்டெல்லாம் போதும் டீச்சர், பாடத்தை நடத்துங்க" என்றால் வாதாடாதே. காலையில் சுடச்சுட வைத்த கிண்ணத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடு. மிச்சத்தை அது பேசும்.

உன் சைக்கிளை எடுத்துப் போகிறேன். கோபத்தோடு கோபமாக இதையும் சேர்த்துக்கொள்.

பி.கு: மூடி ஓரமாகச் சூடு கசிகிறது, வாண்டுகள் கவனிக்கவில்லை. அதனால் கசக்கிய செய்தித்தாளை மூடிவரை திணித்து நானும் ஒரு பெட்டி செய்தேன். உன் ராத்திரிச் சாப்பாடு பாதி அதில், பாதி இதில். இரண்டையும் தொட்டுப் பார்த்துக் கீழே எழுதி வை. தம்பி பாவம் என்று பொய் எழுதாதே.

துணிப் பெட்டி:

காகிதப் பெட்டி: