வெள்ளிக்கிழமைப் பொட்டு

மரகதம் இன்று சந்தனக் கிண்ணத்தோடு கொட்டகைக்குள் வந்தாள். "பொட்டு எங்கண்ணே வைக்கிறது? நீங்க சொல்லுங்க" என்றாள். நீ கண்ணை மூடிய பிறகு உன் மனைவி இந்தக் காரின் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. அரைத்த சந்தனமும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை வந்ததும் என் கண் பொனட்டுக்குப் போனது.

திம்புள்ளப் பக்கத்துத் தோட்ட ஆபீசில் நாம் இருவரும் கணக்கு எழுதும் கிளாக்கர்கள். பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த சின்னக் கார் ஒன்றைத் தூக்கிவந்து, நொறுங்கிய மேலுடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அலுமினியத் தகட்டில் புதிதாக அடித்தோம். இருக்கைக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை. இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றக் கார்ப் போட்டிக்கு அதைக் கொண்டுபோனோம். வெள்ளிக்கிழமை, பஸ்ஸில் வந்து சேர்ந்த மரகதத்தோடு அங்கே அவள் அக்கா வீட்டில் தங்கிவிட்டு, சனிக்கிழமை காலை பனிக்குள் தொடக்கக் கோடு வரை தள்ளிக்கொண்டு வந்தோம்.

கிளம்பவே இல்லை. இஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை முன்னால் நின்று சுற்றிச் சுற்றி என் உள்ளங்கை உரிந்தது. ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரை, தன் குதிரையை இரவல் தரட்டுமா என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. அந்த முகத்தை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும். அடுத்த ஏப்ரலில் அதே முகத்துக்கு முன்னால் இந்த வண்டி ஒரே சுற்றில் கிளம்ப வேண்டும். அந்த வருடம் முழுவதும் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

தினமும் ஆபீசுக்குப் போகுமுன் ஸ்டார்ட் செய்து பார்த்தோம். புதன், வியாழனில் பரவாயில்லை. சனிக்கிழமை வந்தால் சண்டித்தனம். "அதுக்கும் ஏழரை நாட்டுச் சனி புடிச்சிருக்குடா" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் பெட்ரோல் வாங்குவது வெள்ளிக்கிழமை, ஹட்டனில். "அந்தப் பெட்ரோல்காரன் தண்ணி கலக்குறான்" என்றேன். நீ ஒரு போத்தலில் பெட்ரோலை ஊற்றி ஜன்னலில் வைத்தாய். அடியில் ஒரு துளி தண்ணீர்கூடத் தங்கவில்லை. அப்படியானால் பெரிய கிளாக்கர்தான் ஆள் வைத்து எதையோ கழற்றுகிறார் என்றேன்.

"அடுத்தது யாருடா, கவர்னர் ஜெனரலா?" என்று கேட்டாய்.

காபரேட்டரைக் கழுவினோம், கொயிலை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை விடியலில் கொட்டகைக் கதவைச் சாத்தச் சொன்னாய். "இருட்டுல பாத்தாத்தான் நெருப்பு எங்க போகுதுன்னு தெரியும். நீ சுத்து." நான் சுற்றினேன். நீ பொனட்டுக்குள் தலையை விட்டிருந்தாய். திடீரென்று உன் தோள் குலுங்கியது. ஷாக் அடித்துவிட்டதென்று ஓடிவந்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

"இங்க வந்து பாருடா. பொட்டு வழியா எறங்குது."

நான்கு பிளக்குகளின் வெள்ளைப் பீங்கான் கழுத்திலும் சந்தனமும் குங்குமமும். உள்ளே பெட்ரோலைப் பற்றவைக்க வேண்டிய நீல நெருப்பு, பனியில் ஊறிய அந்த ஈரத்தின் மேல் ஊர்ந்து வெளி இரும்புக்குள் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. ஆயுத பூஜையன்று, "வண்டிக்கு உசுரு இங்கதான், இங்கயும் வையி" என்று மரகதத்திடம் சொன்னவன் நீதான். அவள் அதை ஒரு வெள்ளிக்கிழமைகூட விடவில்லை. அக்கா வீட்டிலும் விடவில்லை. பிறகு இஞ்சின் ஓடிச் சூடேறி, பொட்டு காய்ந்து உதிர்ந்துவிடும். வார நடுவில் வண்டி நல்ல பிள்ளையாக இருந்ததன் காரணம் அதுதான்.

துணியால் துடைத்தாய். ஒரே சுற்று.

எல்லாம் அவளால்தான் என்று அவளிடம் போய்ச் சொல்லக் கிளம்பிய என்னை நிறுத்திவிட்டு நீயே சொன்னாய்: "இனிமே நெத்தியில மட்டும் வையி மரகதம். உள்ளுக்குள்ள வெச்சா வண்டிக்கு வெக்கமா இருக்காம்."

அடுத்த ஏப்ரலிலும் ஒரே சுற்றில் கிளம்பியது. நான் கூட்டத்தில் அந்த முகத்தைத் தேடினேன். அவர் வேலையை விட்டுக் கப்பலேறிவிட்டாராம். கைப்பிடியோடு அப்படியே நின்றேன். "வண்டிய ஓட்டப் போறியா, கோவத்த ஓட்டப் போறியா? ஏறுடா" என்றாய். ஏறினேன். மேட்டின் பாதிவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நானும் சிரித்தேன்.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. அந்தத் துரையை இன்னும் மன்னிக்கவில்லை. பெட்ரோல்காரனோடும் பேசுவதில்லை. அவன் பெட்ரோல் சுத்தமாக இருந்ததுகூட எனக்கு அவன்மேல் ஒரு குறைதான். ஆனால் நேற்று அவனிடம்தான் போனேன். "அந்த ரெண்டு பேரு காருக்குங்களா?" என்று கேட்டான். "ஆமா" என்றேன். அவனோடு நான் பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

மரகதம் இன்னும் கிண்ணத்தோடு நின்றாள். "நெத்தியில வைம்மா" என்றேன்.

"தெரியும்ணே. நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

நாளை சனிக்கிழமை. அவளை நுவரெலியாவில் அக்கா வீட்டுக்கு அழைத்துப்போகிறேன். பனி இருக்கும். அன்று நீ பிளக்கைத் துடைத்த துணி என் பையில் இருக்கிறது. யார்மேலாவது சந்தேகம் வரும்போதெல்லாம் கை முதலில் அதைத்தான் தேடுகிறது.