ஐந்து மார்க் வெள்ளிக்காசு

ஸ்காபரோ,
12.01.2024

அன்பு மலரக்காவுக்கு,

சுகமாயிருக்கிறேன் என்று எழுதத்தான் விருப்பம். ஆனால் பயந்துபோய் இருக்கிறேன். நான் இருக்கிற பேஸ்மென்ரில் இருமினாலும் மேலே கேட்கும். மேலே இருக்கிற குணவதி அன்ரிதான் என்னை முதியோர் பராமரிப்பு ஏஜென்சியில் சேர்த்துவிட்டவ. அவவின் காதில் விழக்கூடாது என்றுதான் ஃபோன் எடுக்காமல் எழுதுகிறேன்.

நான் பார்க்கிற கிளாரா அம்மாவைப் பற்றிச் சொன்னேன்தானே. உங்கள் ஜேர்மனியில் பிறந்தவ. ஞாபகம் தேய்ந்து, ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது. மகன் பீற்றர் இங்கே கனடாவில் பிறந்தவர், தாயின் பாஷை தெரியாது. போன கிழமை அவ ஒரு பெரிய வெள்ளிக்காசை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டா. "ப்ரோட்" என்றா, "ஷ்னெல்" என்றா. பரிசாக்கும் என்று நினைத்தேன். திருப்பிக் கொடுக்கப் போக, அழுதா. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பராமரிக்கிற ஆட்களிடம் ஒரு சொக்லேற் கூட வாங்கக்கூடாது என்பது ஏஜென்சிச் சட்டம். பங்குனியில் என் அகதி வழக்கு விசாரணைக்கு வருகிறது. களவு என்ற சொல் என் பெயரோடு ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காசை அறையில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்ள முடியவில்லை. அதனால் இந்த உறைக்குள்ளேயே வைக்கிறேன். உங்களிடம் இருக்கட்டும்.

உங்கள் தங்கை
நிரூபா

* * *

டோர்ட்முண்ட்,
26.01.2024

என் செல்லத் தங்கச்சிக்கு,

காசு வந்தது. விசரி, யாராவது இப்படிச் செய்வார்களா? உன் கையில் இருந்திருந்தால் அது வெறும் காசு. கடல் தாண்டி அனுப்பியதால்தான் களவு மாதிரி ஆகிவிட்டது.

அத்தான் பழைய காசு சேர்க்கிறவர் என்று உனக்குத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் ஓக் மரம். ஐந்து மார்க். 1923இல் இங்கே காகிதக் காசு குப்பையாய்ப் போனதாம். காலையில் வாங்கிய சம்பளம் பின்னேரம் பேக்கரியில் ஒரு பாண் வாங்கக் காணாதாம். சம்பளம் கைக்கு வந்ததும், விலை ஏறுமுன் பெண்டுகள் கடைக்கு ஓடுவார்களாம். பிறகு புது மார்க் வந்து, வெள்ளிக்காசும் அடித்தார்கள். அதிலும் பாதிதான் வெள்ளி. முழு வெள்ளிக்கு நாட்டுக்கு வக்கில்லை. அந்த நிம்மதியும் கனகாலம் நிற்கவில்லை. 1931இல், உன் கிளாரா அம்மா கைக்குழந்தையாய் இருந்த நேரம், வங்கிகள் பூட்டுப்பட்டு, ஆம்பிளைகள் வேலையில்லாமல் தெருவில் நின்றார்கள். தாய் பயந்து பயந்து ஒளித்துவைத்த காசாக இருக்கும்.

இனிக் கவனமாக வாசி. ப்ரோட் என்றால் பாண். ஷ்னெல் என்றால் கெதியாய். விலை ஏறுமுன் ஓடு என்று தாய் பழைய பயத்தில் சொல்லிச் சொல்லி அவவின் காதில் ஒட்டின சொல்லாக இருக்கும். அவ உனக்குப் பரிசு தரவில்லை. உன்னைக் கடைக்கு அனுப்பினவ. பாணுக்காகப் பார்த்துக்கொண்டிருப்பா.

காசு அத்தானின் பெட்டிக்குள் இருக்கிறது. தினமும் எடுத்துத் துடைத்துப் பார்க்கிறார்.

அக்கா
யோகமலர்

* * *

ஸ்காபரோ,
09.02.2024

மலரக்கா,

உங்கள் கடிதம் வந்து சேருமுன் எல்லாம் நடந்துவிட்டது. கிளாரா அம்மா என்னைக் கண்டதும் கத்துகிறா. "கெல்ட், கெல்ட்" என்கிறா. பீற்றருக்குத் தாயின் பாஷையில் தெரிந்த ஒரே சொல் அதுதானாம். "எந்தக் காசு, நிரூபா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. இனி உண்மையைச் சொன்னால் பொய்யும் களவும் இரண்டும் என் தலையில்.

நேற்று தமிழ்க்கடையில் பாண் வாங்கிக்கொண்டு போனேன். மணந்து பார்த்தா, முகம் மலர்ந்தது. பிறகு மிச்சக்காசுக்குக் கையை நீட்டினா. ஒரு டொலர் காசுக்குத்தியை வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினா. அது அவவின் காசில்லைத்தானே.

மாத முடிவுவரை வீட்டில் தேடிப் பார்ப்பாராம் பீற்றர். கிடைக்காவிட்டால் முறைப்பாடு கொடுப்பாராம். வீதியில் பொலிஸ் கார் போனாலே லைற்றை அணைத்துவிடுகிறேன். காசை உடனே அனுப்புங்கோ. அத்தான் அதை வித்துவிடவில்லைத்தானே?

நிரூபா

* * *

டோர்ட்முண்ட்,
19.02.2024

நிரூபா,

காசு இத்துடன் பதிவுத்தபாலில் வருகிறது. பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தது அத்தான்தான். உன் கடிதத்தை அவருக்குக் காட்டவில்லை. உன்னை அவர்கள் கேட்டது உனக்கு வலிக்கிறது. அதையே நீ எங்களைக் கேட்டிருக்கிறாய்.

பேசாமல் அவவின் மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு வா. உண்மை சொல்லப் போகிறேன் என்று நிற்காதே. உனக்கு வழக்கு இருக்கிறது.

யோகமலர்

* * *

ஸ்காபரோ,
02.03.2024

என் மலரக்காவுக்கு,

காசு மாதக் கடைசி நாள் வந்தது. அன்றைக்கே கொண்டுபோனேன். நீங்கள் சொன்னபடி லாச்சியைத் திறந்தேன். கதிரையில் இருந்து அவ என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. லாச்சிக்குள் போட்டால் நான் தப்புவேன், ஆனால் அவவின் கைக்குக் காசு திரும்பி வராது. பீற்றரைக் கூப்பிட்டேன். அவருக்கு முன்னால் அவவின் கையில் வைத்தேன். "நான்தான் வைச்சிருந்தனான். பயத்திலை பொய் சொல்லிப்போட்டன்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பீற்றர் முகம் சிவந்து ஃபோனை எடுத்தார்.

கிளாரா அம்மா காசைப் பார்த்தா. யன்னலைப் பார்த்தா. எழும்பி வந்து திரும்பவும் என்னிடம் நீட்டினா. "ப்ரோட். ஷ்னெல்."

என் கை நீளவில்லை அக்கா. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவ காசோடு என் சட்டையைப் பிடித்து இழுத்தா. "பாண் வாங்கச் சொல்லுறா, விலை ஏற முன்னம்" என்று பீற்றருக்குச் சொன்னேன். அவர் தாயின் பக்கம் திரும்பினார். ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் தன் கையை நீட்டினார். அவ காசை வைத்து விரல்களை மடக்கிவிட்டா. கோட்டைப் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனார்.

நாங்கள் இரண்டுபேரும் யன்னலில் நின்றோம். பாண் வருமோ என்று அவவுக்குப் பயம். பொலிசோடு வருவாரோ என்று எனக்குப் பயம். அவ என் கையை இறுக்கிப் பிடித்திருந்தா.

பாணோடு தனியத்தான் வந்தார். பாணையும் அதே வெள்ளிக்காசையும் தாயின் மடியில் வைத்தார். அவ காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மிச்சம் சரி என்று தலையாட்டினா. "நாளைக்கும் வாங்கோ" என்று மட்டும் பீற்றர் என்னிடம் சொன்னார்.

அத்தானைப் பற்றி அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. பயம் என்னை அவ்வளவு சின்னவளாக்கிவிட்டது. கோபம் ஆறியதும் ஒரு வரி எழுதுங்கோ. மேலே தபால்பெட்டி திறக்கிற சத்தம் எனக்குக் கீழேயும் கேட்கும்.

உங்கள்
நிரூபா