தொட்டியின் வலது பக்கம்

அக்கா வீட்டிலிருந்து வந்ததும் தொட்டிப் பக்கம் போகாமல் முதலில் இதைப் படி. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிக்கொள்.

உயிர்ப் பவளம் வளர்க்க நான் ஒட்டிய அக்ரிலிக் தொட்டி ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனால் வலது பக்கம், என் புது விளக்கின் கீழ் இருந்த பவளமெல்லாம் சுண்ணாம்பாய் வெளுத்து, சதை உரிந்து செத்துவிட்டது. இடது பக்கம் உன் பழைய விளக்கின் கீழ் ஒன்றுக்கும் குறைவில்லை. "வெளிச்சத்தைக் கொஞ்சங்கொஞ்சமா கூட்டுங்க" என்றாய். "தொட்டி செஞ்சது நீயா, நானா?" என்று கத்திவிட்டு, முதல் நாளே முழுதாய்க் கூட்டி வைத்தேன்.

இன்னொன்று. நீ ஆறு வருடம் வளர்த்த பச்சைப் பவளத்தை, என் விளக்குதான் ஒசத்தி என்று காட்ட, நீ கிளம்பிய அன்றே வலது பக்கம் மாற்றினேன்.

பி.கு.: செத்துப்போன அந்தப் பச்சைப் பவளத்தை எடுத்துப்போட எனக்குக் கை வரவில்லை. ராத்திரி நான் வேலை முடிந்து வரும்வரை விட்டால் தண்ணீர் கெட்டு உன் பக்கத்துப் பவளமும் செத்துவிடும். நீயே எடுத்துவிடு.