பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

மாப்ள,

நேற்று கடையில் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். சந்தன வாசம் வந்தது. உள்ளே சந்தனம் மணக்கிற கம்ப்யூட்டர் அன்னவாசலில், ஏன், புதுக்கோட்டை மாவட்டத்திலேயே என்னுடையது ஒன்றுதான் இருக்கும். காரணம் உனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும், டீக்கடை டீக்கடையாகச் சொன்னவன் நீதானே.

முதலில் சேதி. நீ கட்டிக்கொடுத்த மெஷின் நின்றுவிட்டது. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைக்கிறவனுக்குத் தை முகூர்த்தம் நெருங்குகிற நேரத்தில் இப்படி. புதிது வாங்கியாக வேண்டியிருந்தது. திருச்சிக்குப் போய்ப் பாகம் பாகமாக வாங்கி வந்து கட்டுவதா, கம்பெனியே பூட்டி சீல் வைத்து விற்பதை அப்படியே தூக்கி வருவதா? பத்து நாளாக இதே யோசனைதான் ஓடியது.

"வீடு கட்டிப் பட்டது பத்தாதா? இனிமே எதையும் கட்ட வேணாம். ரெடியா இருக்கிறத வாங்கிட்டு வாங்க" என்றாள் என் மனைவி. எங்கள் மாடிப்படி ஜன்னலில் போய் முடிவதை நீ பார்த்திருக்கிறாய்.

அன்றைக்கும் இதே கேள்விதான். வளைகுடாவில் ஏதோ ஓர் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்த்துவிட்டு நீ ஊர் திரும்பிய புதிது. நான் ரெடிமேட் வாங்கப் போகிறேன் என்றதும், பந்தியில் பாதியில் எழுப்பிவிடப்பட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாய்.

"கம்பெனி மெஷின்ல ஒன்னு செத்தாலும் முழுசாத் தூக்கிட்டு அலையணும் மாப்ள. நாம கட்டுனா செத்தத மட்டும் மாத்திக்கலாம்."

"கெட்டுப்போனா யாரு வாரது?"

"நான் எங்கிட்டுப் போகப் போறேன்?"

அதில் விழுந்தேன். நீ தொழப் போகிறவன், நான் விபூதி பூசுகிறவன். பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. ஆனாலும் நீ எனக்கு மாப்பிள்ளை, நான் உனக்கு மாப்பிள்ளை. அந்த உறவை நம்பி ஒரு கம்ப்யூட்டர்கூடக் கட்டாவிட்டால் எப்படி?

திருச்சியிலிருந்து வரும்போது பஸ்ஸில் அந்தப் பெரிய பெட்டிக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர். மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, "இதுக்கு இன்னும் அஞ்சு வயசு ஆகலண்ணே" என்றாய். அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் சொல்லியிருந்தால் இறக்கிவிட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை கட்ட உட்கார்ந்தாய். நல்ல நேரம் அச்சடித்தே வயிறு வளர்க்கிறவன் ராகு காலத்தில் சுவிட்ச் போடுவேனா? பத்தரைக்குள் ஓட வேண்டும் என்று தலைமாட்டில் நின்றேன். "பத்தரைக்கு ஒனக்கு ராகு காலம். ஒரு மணிக்கு எனக்கு ஜும்ஆ. இது எப்பத்தான் ஓடுறது?" என்று திட்டிக்கொண்டே பத்து இருபத்தெட்டுக்கு ஓட்டிக் காட்டினாய்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. கத்தரிக்கோலிலிருந்து காகிதம் வெட்டும் மெஷின் வரை பொட்டு வைத்தேன். கம்ப்யூட்டருக்கு மட்டும் வெளியே வைத்துவிட்டு விடலாமா? வேலை செய்கிறவர்கள் எல்லாம் உள்ளே அல்லவா இருக்கிறார்கள்! தகட்டைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, நீ மாட்டிய ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். விசிறிக்கு இறக்கைக்கு ஒன்று.

மறுநாள் சுவிட்சைப் போட்டேன். விசிறி சுழன்று பிரசாதத்தை உள்ளே எல்லோருக்கும் வழங்கியது. திரை கறுத்தது. எதிரே, மகள் கல்யாணப் பத்திரிகைக்காகப் பொன்னமராவதியிலிருந்து வந்திருந்தவர், "சகுனமே சரியில்லையே" என்று எழுந்துவிட்டார். அந்த நேரத்தில்தான் நீ வந்து நுழைந்தாய். உள்ளே ஒரு பார்வை.

"உக்காருங்கண்ணே. மெஷினுக்கு மஞ்சநீராட்டு. முடிஞ்சதும் வந்துரும்."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து மதியம் வரை தேய்த்தாய். செத்தது ஒன்றே ஒன்று. அதை மட்டும் மாற்றினாய். "ப்ராசசருக்குப் பொட்டு வச்ச மொத ஆளு நீதான் மாப்ள. ஒனக்கு சீல் வச்ச மெஷினுதான் லாயக்கு" என்றாய். தகட்டின் வெளிப்பக்கத்தில் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டு, 'பொட்டு இங்கே மட்டும்' என்று எழுதினாய். திருப்பி வைத்துக்கொண்டு இன்னும் என்னவோ கிறுக்கினாய். நான் பார்ப்பதற்குள் திருகி மூடிவிட்டாய்.

அதன்பிறகு நான் திறக்கவில்லை. வட்டத்துக்குள் பொட்டு வைப்பதோடு சரி. ஏதாவது செத்தால் நீ வந்தாய், மாற்றினாய், டீ குடித்தாய். போன வருஷம் நீயே போய்ச் சேர்ந்துவிட்டாய். எங்கிட்டும் போக மாட்டேன் என்றவன்.

போன வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ சேர்த்து வைத்த பாகங்கள் ஏதாவது கிடக்குமா என்று கேட்கத்தான். அங்கே, மேஜைமேல், கம்பெனி சீலோடு ஒரு ரெடிமேட் கம்ப்யூட்டர்! ஊரையெல்லாம் கட்ட வைத்த மனுஷா, உன் வீட்டில் இது என்ன?

"அவுக வாங்கியாந்ததுதான்ணே" என்றது தங்கச்சி; மாப்பிள்ளை பெண்டாட்டி எனக்குத் தங்கச்சி முறைதானே. "ஏங்க, நீங்களே கட்டலயான்னு கேட்டேன். ஊருல யாரு மெஷினு நின்னாலும் நான் போவேன், நான் இல்லாதப்ப நம்ம வீட்டுக்கு யாரு வாரதுன்னாக."

இதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. திரும்பி வரும்போது சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகுதான், நேற்று, தகட்டைக் கழற்றினேன். உள்பக்கத்தில் உன் கையெழுத்து.

'தொறந்துட்டியா? மூடு. மூடிட்டு எனக்கு போன் போடு.'

முதலாவதைச் செய்தேன்.

இன்று காலை கம்பெனி மெஷின் வந்துவிட்டது. ராகு காலம் தவிர்த்துத்தான் சுவிட்ச் போட்டேன். பின்னால் ஒரு சீலும், பழுதானால் கூப்பிடச் சொல்லி ஒரு நம்பரும் ஒட்டியிருக்கிறார்கள். நன்றாகத்தான் ஓடுகிறது. பழையதைக் காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டார். கொடுத்துவிட்டேன், அந்தத் தகட்டைத் தவிர. "அது இல்லாம பெட்டி எதுக்குங்க?" என்று முனகினார்.

தகடு இப்போது சுவரில், புது மெஷினுக்கு மேலே. ஆயுத பூஜைக்குப் பொட்டு அதற்குத்தான். வட்டத்தைத் தாண்ட மாட்டேன்.